நூற்றைம்பது பட்டைகள்

ஐந்து நாற்பதுக்குச் சத்தம் வந்தது. நேற்றும் அதற்கு முந்தைய நாட்களிலும் வந்ததைப் போலவே இரண்டு தட்டு. இரும்புத் தகட்டில் ஈரச் செருப்பின் அடிப்பாகம் படுகிற சத்தம். ஓங்கித் தட்டுவதல்ல; உள்ளே தூங்குகிறவரை எழுப்ப மனமில்லாமல் தட்டுவது.

அவன் கையில் எழுபத்தொன்றாம் எண் ரப்பர் பட்டை இருந்தது. கொக்கியில் மாட்டாமல் நின்றான்.

பக்கக் கதவு அங்கிருந்து இருபது அடி. அதை எட்டு மாதத்துக்கு முன்பே நான்கு ஓரமும் பற்றவைத்து அடைத்துவிட்டார்கள். பற்றவைத்த தழும்பின் மேல் துரு இறங்கியிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் மணல், மணலுக்கு அப்பால் கடல்.

"என்னப்பா, சிலையாட்டம் நிக்கறே? பின்னாடி ஆள் நிக்குது பாரு," என்று படிகளுக்கு மேலே இருந்த ஜன்னலிலிருந்து டிக்கெட் அக்கா குரல் கொடுத்தார்.

"சத்தம் ஏதாவது கேட்டுச்சாக்கா?"

"எனக்கு என் வயித்துச் சத்தம்தான் கேக்குது. சீக்கிரம் வாங்கி மாட்டு. ஆறு மணி பஸ்ஸை விட்டா நான் நடராஜா சர்வீஸ்தான்."

மாட்டினான். அடுத்த கை, அடுத்த பட்டை. முகங்களைப் பார்ப்பதை அவன் விட்டுவிட்டு எட்டு மாதமாகிறது. கைகளை மட்டும் பார்ப்பான். மணல் ஒட்டிய கை, குழந்தையின் செருப்பைப் பிடித்த கை, வெயிலில் சிவந்த கை. கடைசிப் பட்டை கொக்கியில் ஏறியதும் மணி அடித்தது. இரும்புக் கதவு தானாக இறங்கித் தரையில் பொருந்தியது.

பொருந்திய பிறகு இன்னொரு முறை கேட்டது. இரண்டு தட்டு.

அது கடைசி நாளுக்கு முந்தைய நாள்.

அந்த ஊரில் கடற்கரை இரண்டு. பாறைகளுக்கு வடக்கே இருப்பது ஊர்க்காரர்களுக்கு. ஊர் அடையாள அட்டையைக் காட்டிவிட்டுப் போகலாம், வரலாம். தெற்கே இருப்பது வெளியூர்க்காரர்களுக்கு; ஒரு நாளைக்கு நூற்றைம்பது பேர், மணிக்கட்டில் ஆளுக்கொரு மஞ்சள் ரப்பர் பட்டை, மாலை ஐந்தரைக்குச் சங்கு. பாட்டுப் போடக்கூடாது, பந்து ஆடக்கூடாது, கூடாரம் கட்டக்கூடாது. சாலைக்கும் மணலுக்கும் நடுவே பதினைந்து அடிச் சுவர். சாலையிலிருந்து படி இறங்கினால் சுவரைக் குடைந்த ஒரு சுரங்க வழி, அதன் முடிவில் தெற்குக் கதவு. தண்ணீர் ஏறும் நாட்களில் கடல் மணலை முழுதாக விழுங்கிவிட்டுச் சுவரில் வந்து மோதும். பௌர்ணமியன்று ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். அதனால்தான் கதவு.

சுரங்க வழியில் அவனுடைய பலகை இருந்தது. நூற்றைம்பது கொக்கிகள். முன்பெல்லாம் எல்லாக் கொக்கியும் நிறைந்ததும் அவனே பொத்தானை அழுத்திக் கதவை இறக்குவான். எட்டு மாதமாகப் பலகையே அதைச் செய்கிறது. கடைசிப் பட்டை மாட்டப்படும்வரை கதவு இறங்காது. இறங்கிவிட்டால் காலை ஏழு மணிவரை ஏறாது. மனிதத் தவறு இனி நடக்காது என்று நகரசபைத் தலைவர் பலகையைத் திறந்துவைத்துப் பேசினார். அவன் அப்போது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

கடைசி நாள் காலை, படிகளின் தலைப்பில் அறிவிப்பை ஒட்டினான். பசை தடவியதும் அவன்தான், சுருக்கம் விழாமல் கையால் நீவிவிட்டதும் அவன்தான். 'அத்துமீறி நுழைந்த வெளியூர்ப் பெண் ஒருவர் கடலில் மூழ்கியதைத் தொடர்ந்து, நாளை முதல் தெற்குக் கடற்கரைக்கு வெளியூரார் எவரும் அனுமதிக்கப்பட மாட்டார்கள்.'

அந்த வெளியூர்ப் பெண் அவனுடைய மனைவி.

மூன்று மணிக்கு அவளுடைய அம்மா வந்தார். கையில் ஒரு துணிப்பை, காலில் ரயிலின் தூசி. அறிவிப்பின் முன் நின்று, கண்ணாடியை ஏற்றிவைத்துக்கொண்டு, முதலிலிருந்து கடைசிவரை வாசித்துவிட்டுத்தான் படி இறங்கினார்.

"வாங்கத்தை. சொல்லியிருந்தா ஸ்டேஷனுக்கு வந்திருப்பேனே."

"எதுக்கு, உங்க வேலையைக் கெடுக்கவா? பட்டை இருக்கா மாப்பிள்ளை? நாளையிலேர்ந்து எங்களையெல்லாம் விட மாட்டீங்களாமே."

"இருக்கு."

"சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டிருக்கீங்க."

அவன் குனிந்து பார்த்தான். காலையிலிருந்து அப்படித்தான் இருந்திருக்கிறது. யாரும் சொல்லவில்லை.

அவர் மணிக்கட்டை நீட்டினார். நூற்று மூன்றாம் எண். கடைசித் துளையில் மாட்டியும் தொளதொளவென்று இருந்தது.

"பாறை ஏறிக் குதிச்சதா எழுதிக் குடுத்திருக்காங்க," என்றார் அத்தை. குரலில் கோபம் இல்லை. மளிகைச் சீட்டில் ஏதோ ஒன்று விட்டுப்போனதைக் கேட்கிற மாதிரி கேட்டார். "அவ என் பொண்ணு, மாப்பிள்ளை. நாற்காலி மேல ஏறிப் பல்பு மாட்டச் சொன்னாலே கால் நடுங்கும் அவளுக்கு. பாறையில ஏறினதை யாரு பாத்தாங்களாம்?"

"யாரும் பாக்கலை அத்தை."

"அப்பறம் எப்படி எழுதினாங்க?"

பின்னால் ஒரு குடும்பம் காத்திருந்தது. அவன் அவர் கைப் பட்டையை இன்னொரு முறை அழுத்திப் பார்த்தான்.

"அஞ்சரைக்குள்ள வந்துடுங்க அத்தை. இன்னிக்குப் பௌர்ணமி. தண்ணி சீக்கிரம் ஏறும்."

"வராம, அங்கேயே குடித்தனமா பண்ணப் போறேன்?" என்றார். சுரங்க வழியின் முடிவில் வெளிச்சம் சதுரமாக இருந்தது. அதற்குள் நடந்து போனார். ஒரு முட்டி மடங்காது அவருக்கு. நடை ஒருபக்கம் சாய்ந்து சாய்ந்து சின்னதாகிப் போனது.

எப்படி எழுதினார்கள் என்று அவனுக்குத் தெரியும். அவன் சொல்லி எழுதினார்கள்.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தால் மனைவிக்கு அட்டை கிடைக்க இரண்டு வருடம் ஆகும். அதுவரை அவள் வெளியூர். விடுமுறை நாளில் நூற்றைம்பது பட்டையும் காலை ஒன்பதுக்கே தீர்ந்துவிடும். அவளுக்குக் கடல் என்றால் பைத்தியம். கடலே இல்லாத ஊர்க்காரி. "கடல் பக்கத்துல வீடுன்னு சொல்லித்தானே கட்டிக்கிட்டீங்க? எங்கே, கண்ணுலயே காட்ட மாட்டேங்கறீங்க," என்பாள். ஒரு நாள் ஊழியர்களுக்கான பக்கக் கதவைத் திறந்து அவளை உள்ளே விட்டான். பட்டை இல்லாமல். பிறகு அது வழக்கமாயிற்று. கூட்டம் வெளியேறும் நேரத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, அதாலேயே இரண்டு தட்டு தட்டுவாள். அக்காவுக்குக் கேட்காமல். அவன் தாழை நீக்குவான். சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே வருவாள். அவள் கூந்தலில் உப்பு மணக்கும்.

அன்றைக்கு மேற்பார்வையாளர் வந்திருந்தார். பலகை நிறைந்துவிட்டது. நூற்றைம்பதும் சரி. கதவை இறக்கியாயிற்று. அவர் அவன் தோளில் கை வைத்து ஏதோ கோப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது பக்கக் கதவில் தட்டு கேட்டது.

"என்னய்யா சத்தம்?"

"காத்து சார்."

மறுபடியும் கேட்டது. அவன் தாழைப் பார்க்கவில்லை. அவர் போகட்டும், ஐந்தே நிமிடம், என்று நினைத்தான். அவர் அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். ஆபீசில் ஒரு கையெழுத்து. ஒரு டீ. நாற்பது நிமிடம்.

அவன் ஓடி வந்தபோது தாழுக்கு மேலே தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

இரண்டு நாள் தேடினார்கள். கிடைக்கவில்லை. விசாரணையில், அவள் எப்படி உள்ளே போனாள் என்று தனக்குத் தெரியாது, பாறை வழியாக இருக்கலாம் என்று சொன்னான். தட்டச்சு செய்து வந்த தாளில் கையெழுத்துப் போட்டான். அதிலிருந்து அவனுக்கு அழுகை வரவில்லை. பசி வந்தால் தின்றான், மணியடித்தால் எழுந்தான்.

ஐந்தரைக்குச் சங்கு ஊதியது. கூட்டம் ஏறி வந்தது. கடைசி நாள் என்பதால் சிலர் படம் எடுத்துக்கொண்டார்கள். சிலர் நகரசபையைத் திட்டினார்கள். ஒருவர் பட்டையை அவன் கையில் வைத்து, "கடலை உங்க அப்பனா வாங்கினான்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவன் மாட்டினான்.

கடைசியாக உயிர்காப்பாளன் வந்தான். பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவன் விசில்தான்.

"கரை காலி. நாளையிலேர்ந்து மீனுக்குத்தான் விசிலடிக்கணும்."

"ஒரு பெரியம்மா வரலையே. ஒரு கால் சாய்ச்சு நடப்பாங்க."

"அவங்களா? பழைய பக்கக் கதவுகிட்ட உக்காந்திருந்தாங்க. கிளம்புங்கன்னு விசிலடிச்சேன், எழுந்தாங்களே ரெண்டு பேரும்."

"ரெண்டு பேரா?"

"கூட ஒரு பொண்ணு இருந்துச்சு. அம்மா மடியில தலை வச்சுப் படுத்திருந்துச்சு. தலையெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். துவட்டிக்கிட்டே பேசிட்டிருந்தாங்க." விசில் தன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான். "வந்திருப்பாங்க. நீ கவனிச்சிருக்க மாட்டே. நீதான் யாரையும் நிமிர்ந்தே பாக்கறதில்லையே."

விசில் போனான். சற்று நேரத்தில் டிக்கெட் அக்காவும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இறங்கி வந்தார்.

"எத்தனை பாக்கி?"

"ஒண்ணு. எங்கத்தை."

அக்கா அவனைப் பார்த்தார். "நான் வேணா இருக்கட்டுமா?"

"பஸ் போயிடும். நீங்க கிளம்புங்கக்கா. கூட்டிட்டு வந்துடறேன்."

"அழ வந்திருக்காங்க. அழட்டும், அவசரப்படுத்தாதே. ஆனா தண்ணியைப் பாத்துக்கோ." படிகளில் அவருடைய செருப்புச் சத்தம் ஏறி மறைந்தது.

நூற்று நாற்பத்தொன்பது. நூற்று மூன்றாம் கொக்கி மட்டும் வெறுமையாக இருந்தது.

ஐந்து நாற்பது. அவன் பக்கக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றான். கடிகார முள் நகர்ந்தது. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு.

சத்தம் வரவில்லை.

இத்தனை நாளும் சத்தம் வந்தபோது வராத பயம் இப்போது வந்தது.

கைப்பேசி பலகையின் கீழ்த் தட்டில் கிடந்தது. எடுக்கத் தோன்றவில்லை. கீழே எட்டிப் பார்த்துக் கூப்பிட்டுவிட்டு வரத்தானே போகிறோம் என்று சுரங்க வழியில் நடந்தான். ஈரச் சுவர், மூடிய பாத்திரத்தின் நாற்றம், தன் காலடியே திரும்பி வருகிற சத்தம், தூரத்தில் கடல் மூச்சை இழுத்து இழுத்து விடுவது. பாதி வழியில் எதிரே யாரோ வர, சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டான். தினமும் நூற்றைம்பது பேருக்கு ஒதுங்குகிற பழக்கம். குளிர்ந்த காற்று ஒன்று தோளை உரசிக்கொண்டு கடந்தது. உப்பு மணம்.

மணலில் கால் வைத்த பிறகுதான் உறைத்தது. யாருக்கு ஒதுங்கினோம்?

திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே பொழுது சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. மணல் ஒரு மெல்லிய நாடாவாகச் சுருங்கியிருந்தது. வடக்கே பாறைகள் முழுகிவிட்டன. அந்தப் பக்கம் வழி இல்லை. பக்கக் கதவின் கீழே, சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி அத்தை உட்கார்ந்திருந்தார். அலை அவருடைய பாதம்வரை வந்து போனது. புடவையின் மடிப்பகுதி நனைந்து கறுத்திருந்தது. அந்த ஒரு இடம் மட்டும்.

"அத்தை. எழுந்திருங்க. நேரமாச்சு."

"உக்காருங்க மாப்பிள்ளை."

"தண்ணி ஏறுது அத்தை."

"ஏறட்டும். ஒரு நிமிஷம் உக்காருங்க."

உட்கார்ந்தான். ஏன் என்று தெரியவில்லை. அவருக்கு அந்தப் பக்கம் மணலில் ஒரு பள்ளம் இருந்தது. ஒரு ஆள் உடம்பைச் சுருட்டிக்கொண்டு படுத்த அளவு. அதில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

எட்டு மாதமாகச் சொல்லாதது, யாரோ பிடித்து இழுத்தது போல வந்துவிட்டது.

"பாறை வழியா வரலை அத்தை. நான்தான் இந்தக் கதவைத் திறந்து விட்டேன். அன்னிக்கு அவ தட்டினா. எனக்குக் கேட்டுச்சு. கேட்டும் திறக்கலை."

"தெரியும்."

"இல்ல அத்தை, உங்களுக்கு..."

"அவ சொன்னா. ரொம்ப நேரம் தட்டினாளாம். அப்பறம் தண்ணி வந்துடுச்சாம்." அத்தை அவன் பக்கம் திரும்பவில்லை. "உங்க மேல கோவமான்னு கேட்டேன். அவருக்கு வேலை போயிடுமேம்மா, பாவம், வேற என்ன செய்வாருன்னு சொல்றா. பைத்தியக்காரி."

அவன் அடைத்த பக்கக் கதவைப் பார்த்தான்.

"தினமும் வந்து தட்டறாளாம். ஆனா பட்டை இல்லையாம் அவகிட்ட. உள்ளே வந்ததாவே கணக்கு இல்லையாம். கணக்குல இல்லாதவளை எப்படிம்மா வெளிய விடுவாங்கன்னு கேக்கறா. சின்னதிலேர்ந்தே அப்படித்தான். ரூல்னா ரூல்தான் அவளுக்கு." அத்தை வலது கையைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார். மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. பட்டை இருந்த இடத்தில் ஒரு வெளிறிய கோடு.

"பட்டை எங்கே அத்தை?"

"எனக்கு எதுக்கு அது? வயசாச்சு."

"அத்தை, பட்டை எங்கே?"

சுவருக்கு உள்ளே மணி அடித்தது.

அவன் ஓடினான். பத்தடி. பதினைந்து. தண்ணீர் கணுக்காலில் இழுத்தது. கதவு இறங்கிக்கொண்டிருந்தது. அடியில் ஒரு முழம் இடைவெளி. அதில் சுரங்க வழியின் மஞ்சள் விளக்கு. பலகையின் கீழ்த் தட்டு தெரிந்தது. பலகைக்கு முன்னால் இரண்டு பாதங்கள் தெரிந்தன. வெளுத்து, ஊறி, விரலிடுக்கில் பாசி. அவற்றைச் சுற்றித் தரையில் தண்ணீர் பரவிக்கொண்டிருந்தது.

ஒரு சாண்.

நான்கு விரல்.

இரும்பு தரையில் பொருந்தியது.

கத்தினான். இரும்பைக் கையால் அடித்தான். ஊழியனுக்குப் பட்டை கிடையாது. பலகையைப் பொறுத்தவரை கரையில் யாரும் இல்லை. மேலே சாலையில் ஆறு மணி பஸ் புறப்பட்டுப் போகிற சத்தம் கேட்டது. அலை வந்து அவனைக் கதவோடு அறைந்தது. அடுத்தது இடுப்புக்கு வந்தது.

அத்தையிடம் திரும்பினான். வேறு எங்கே போவது? அவர் எழுந்து நின்றிருந்தார். தண்ணீர் அவர் மார்புக்கு. அவன் அவரைப் பிடித்துக்கொண்டான். அவர் உடம்பு குளிரில் நடுங்கியது. முகம் நடுங்கவில்லை. மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவரின் மேல் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஒருத்தி நின்றாள். முதுகு கடலைப் பார்த்து. முகம் படிகளைப் பார்த்து. வேலை முடிந்து படியேறி வருகிறவனுக்காகக் காத்திருக்கிற நிற்பு. புடவை உடம்போடு ஒட்டியிருந்தது. அவளிடமிருந்து தண்ணீர் வழிந்தது. சுவர் நெடுக, கோடு கோடாக. நிற்கவில்லை. வழிந்துகொண்டே இருந்தது.

அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். எட்டு மாதத்தில் முதல் தடவை. வாயில் உப்புத் தண்ணீர் புகுந்தது. மறுபடி கூப்பிட்டான்.

அவள் படிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைச் சாய்த்தாள். எங்கேயோ கேட்கிறதே என்பது போல. பிறகு மெதுவாகத் திரும்பி, கைப்பிடிச் சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, குனிந்து, கீழே பார்த்தாள்.

விளக்கு வெளிச்சம் முகத்தில் விழுந்தது. எட்டு மாதமாகக் கடலில் இருந்த முகம். கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் எதுவோ சின்னச் சின்னதாக அசைந்தது. கன்னத்து எலும்பின் மேல் சதை இல்லை. உதடு இல்லாததால் சிரிப்பது போல இருந்தது. சிரிக்கிறாளோ என்னவோ.

அத்தை அவன் கையை இறுக்கிப் பிடித்தார்.

"ரொம்ப இளைச்சுட்டா," என்றார். "பாத்தீங்களா மாப்பிள்ளை?"